கோச் வேலை கேட்டவரைப் போஷகராக்கினோம்

இங்கிலாந்துக் கழகங்களின் மனேஜர்களை நியமிப்பதிலும் நீக்குவதிலும் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. கண்டி நகரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து, ஃபோனில் மேட்ச் பார்த்தபடியே எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். அவர்களுக்குத்தான் அது தெரியாது.

அப்படிப்பட்ட எங்களுக்கு, சொந்தக் கழகத்துக்கே ஒரு கோச் தேவைப்பட்டபோது முடிவெடுக்கத் தெரியவில்லை. வேலையைக் கேட்டு வந்தவர் எங்கள் பழைய சென்டர் ஃபோர்வர்ட். பக்கத்து ஊரான பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் கடையில் வேலைக்கு நிற்கிறார். லீவு போட்டுப் பயிற்றுவிப்பாளர் கோர்ஸ் முடித்திருந்தார். இந்தக் கோச் வேலையைத் தவிர வேறெதையும் அவர் யாரிடமும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எங்கள் ஆட்டங்களை மழையிலும் நின்று பார்த்து, ஒரு கொப்பி நிறைய எழுதி, செயலாளரான என்னிடம் தந்திருந்தார். திறந்து பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இங்கிலாந்து நிலவரம் அப்போது அப்படி.

ஞாயிறு காலை கூட்டம். சுவரோரக் கதிரையில் அவரை உட்காரவைத்துக்கொண்டே அவரைப் பற்றி விவாதித்தோம். ஒரு கட்சி, அவர் எப்போதோ புசல்லாவையில் தலையால் போட்ட கோலைச் சொல்லிச் சொல்லி மெய்சிலிர்த்தது. மறு கட்சி, அதே வருடம் அவர் வானத்துக்கு உதைத்த பெனால்டியை விடுவதாக இல்லை. பயிற்சியை எப்படி நடத்துவார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர்தான், "அவரையே ஒருக்கா கேட்டுப் பாப்பமே" என்றார். ஊருக்குப் புதியவர் என்று மன்னித்துவிட்டோம். அவர் கண்டிக்கு வந்து பதினெட்டு வருடம்தான் ஆகிறது.

என் கவலையையும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்து மூன்று வயதிலும் பின்வரிசையில் நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன். இவர் கோச்சாக வந்தால் முதலில் என்னைத்தான் வெளியே உட்காரவைப்பார் என்று பயம். அதனால் எழுந்து, இவ்வளவு பெரிய வீரரை விசிலும் கையுமாக அலையவிடலாமா, போஷகராக்கி கௌரவிப்போம் என்றேன். போஷகர் என்றால் விழாவில் முன்வரிசைக் கதிரை. மைதானத்தில் ஒரு வேலையும் கிடையாது. இரண்டு கட்சியும் சேர்ந்து கைதட்டியது. தலைவரான புடவைக் கடை முதலாளி, கீழே கடையிலிருந்தே ஒரு பொன்னாடையை எடுப்பித்துப் போர்த்தினார்.

"அப்ப நான் கிரவுண்டுக்கு வரத் தேவையில்லையாண்ணே?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எதுக்குங்க அந்தச் சிரமமெல்லாம்" என்றார் தலைவர்.

அவர் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, பொன்னாடையைக் கழற்றாமலே படியிறங்கிப் போனார்.

திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று மறுநாள்தான் கொப்பியைத் திறந்தேன். ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, யாருக்கு எந்தக் கால் பலம், யார் எப்போது களைக்கிறார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தார். என் பக்கத்தில் மூன்றே வரி.

"முழங்கால் போய்விட்டது. நொண்டுவதை மறைக்கிறார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும்; மற்றவர்கள் முன்னால் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டு."

கொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பிலிமத்தலாவைக்கு எந்நேரமும் பஸ் உண்டு. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?