மான் நம்பிய மணம்

என் எழுத்து மேசைக்கு மேலே, சுவரில் அடித்த ஓர் ஆணியில், மேப்பிள் மரக்கிளையொன்று தொங்குகிறது. முழங்கை அளவு நீளம், சுண்டுவிரல் தடிப்பு. ஒரு முனை வாளால் நேராக அறுக்கப்பட்டது. மறுமுனை, பல் விளக்கிவிட்டு எறிந்த வேப்பங்குச்சிபோல நார்நாராக மெல்லப்பட்டிருக்கிறது. மென்றது ஒரு மான். இந்தக் கிளை முன்பு மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில் இருந்த அத்தானின் சாப்பாட்டுக் கடையில், அடுப்புக்கு மேலே, மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. கொத்துரொட்டிக்குக் காத்து நிற்பவர்கள் எட்டிப் பார்த்து, "கண்ணூறுக்கோ அண்ணை?" என்று கேட்பார்கள். அத்தான் ரொட்டியைக் கொத்தியபடியே, "இல்லை, அது என்ர சேட்டிபிக்கற்" என்பார். அதற்குமேல் விளக்கம் கிடைக்காது.

அத்தான் என் அக்காவின் கணவர், மன்னார்க்காரர். கறித்தூளைக் கடையில் வாங்கமாட்டார். மல்லியும் மிளகாயும் தானே வறுத்துத்தான் இடிப்பார். பல்கலைக்கழகப் பிள்ளைகளும், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவர்களும் அந்தத் தூளின் மணத்தைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு கிழமையில் மாறிவிட்டது. மணம் போனது போனதுதான். தினமும் காலையில் கராம்பையும் எலுமிச்சைத் தோலையும் மாறி மாறி மூக்கின் கீழ் பிடித்து, பாடம் படிப்பதுபோல முகர்ந்து பார்ப்பார். ஒன்றும் வராது. ஆனாலும் நினைவை நம்பிச் சமைத்துக்கொண்டிருந்தார். பிறகொரு நாள் மல்லி கருகியது அவருக்குத் தெரியவில்லை. வழக்கமாக வரும் ஒரு தாதி, சனம் போகும்வரை காத்திருந்து, "அண்ணை, கோவியாதேங்கோ, இண்டைக்குக் கறி கைக்குது" என்றாள். அன்று பின்னேரமே கடையைப் பூட்டிவிட்டார்.

அதன் பிறகு ரொக்ஸ்பரோ வீட்டின் பின்படியில் இருப்பதே அவர் வேலையாயிற்று. கடைக் குத்தகை மார்கழியோடு முடிகிறது. தொடர்வதா விடுவதா என்று அதற்குள் சொல்லவேண்டும் என்று கட்டடச் சொந்தக்காரர் கேட்டிருந்தார். அக்கா ஒருநாள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சுவரில் தொங்கிய கடைப் பூட்டின் திறப்பைக் காட்டினாள். "இதைக் குடுத்திட்டாரெண்டா, தம்பி, இந்த மனுசன் பேந்து எழும்பமாட்டார்."

எனக்குக் கர்க்லாண்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. எதையும் வரிசைப்படி செய்பவன், இரவில் படுக்குமுன் அன்றைய நாளை எழுதி வைப்பவன் என்று குடும்பத்தில் எனக்கொரு பெயர் உண்டு. அதனாலோ என்னவோ அத்தான் என்னைத் தன் மூக்காக வைத்துக்கொண்டார். பால், சேட்டு, மழை பெய்த மண் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான்: "மணக்குதோ?" நான் முகர்ந்து பார்த்துச் சொல்வேன். அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அத்தானின் பக்கத்து வீட்டில் முசியே இருந்தார். ஓய்வு பெற்ற பஸ் சாரதி. பெயர் தெரிந்திருந்தும் நாங்கள் எல்லோரும் பிரெஞ்சில் 'ஐயா' என்னும் பொருளில் முசியே என்றே அழைத்தோம். இலையுதிர்காலம் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, வேலிக்கு மேலால் அத்தானிடம், நாளைக்குக் காட்டில் கிராத்தாஜ் செய்யப் போகிறேன், வருகிறாயா என்று கேட்டார். அத்தானின் பிரெஞ்சு கடையில் நின்று பழகிய பிரெஞ்சு. கிராத்தே என்றால் சுரண்டுவது. டெப்பனர் என்கிற மூலைக்கடையில் விற்கும் சுரண்டல் லொத்தருக்கும் சனம் சொல்வது அதே சொல்தான். வெறுங்கையோடு போவது சரியில்லை என்று அத்தான் மறுநாள் விடியவே போய் லொத்தர் சீட்டுகள் வாங்கி வந்தார். முசியே கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு இருவரும் கார் மூடியில் வைத்து எல்லாச் சீட்டையும் ஒழுங்காகச் சுரண்டி முடித்தார்கள். ஒன்றும் விழவில்லை. "சரி, இனிக் காட்டைச் சுரண்டுவம்" என்று அத்தான் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

காடு, ஆற்றைக் கடந்து தெற்கே அமெரிக்க எல்லைப் பக்கமாக, முசியேயின் தகப்பன் விட்டுப்போனது. அங்கேதான் கிராத்தாஜ் என்றால் என்னவென்று அறிந்தேன். மான்கள் கூடும் பருவத்தில், கிடா மான் தன் முகத்தளவு உயரத்தில் தொங்கும் கிளையொன்றைத் தெரிந்துகொள்கிறது. அதன் கீழே சருகுகளைக் குளம்பால் சுரண்டி, மண் தெரிய விலக்கி, அதில் சிறுநீர் விடுகிறது. மேலே கிளையில் நெற்றியையும் கண்ணோரத்தையும் தேய்க்கிறது, நுனியை மெல்லுகிறது. அந்த வழியே போகும் ஒவ்வொரு மானும் நின்று முகர்ந்து, தன் பங்குக்கும் தேய்த்துவிட்டுப் போகிறது. வந்தது யார், கிடாவா பிணையா, எவ்வளவு நேரத்துக்கு முன் வந்தது என்பதெல்லாம் அந்த ஒரு சுள்ளியில் இருக்கிறதாம். வேட்டைக்காரர்கள் இதைப் பொய்யாகச் செய்கிறார்கள். றப்பர் கையுறையோடு சருகை விலக்கி, மண்ணைக் கீறி, போத்தலில் வரும் மணத்தை ஊற்றிவிட்டால், தன் இடத்துக்குள் அந்நியன் நுழைந்துவிட்டான் என்று கிடா பார்க்க வரும். உண்மையான மான் சிறுநீரைப் பாவிக்க இங்கே சட்டம் விடாது. போத்தலில் இருந்தது ஆய்கூடத்தில் செய்த போலி. முசியே விளக்கிக்கொண்டிருக்க, நான் சுற்றிலும் பார்த்தேன். மௌனமாக நின்ற அந்தக் காடு முழுவதும் யார் யாரோ கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அத்தான் போத்தலைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒன்று தனக்குத் தா என்று முசியேயிடம் கேட்டார். திரும்பி வரும்போது காரில் என்னிடம் சொன்னார்: "நான் செய்யிற மணத்தை இனி ஒரு மூக்காவது நம்புதோ எண்டு பாக்கவேணும். இல்லையெண்டா திறப்பைக் குடுத்திடுறன்."

முதல் தடவை அது நடக்கவில்லை. புறப்படுமுன் அத்தான் தன் சப்பாத்தையும் ஜக்கெற்றையும் நீட்டி, "மணக்குதோ?" என்று கேட்டார். நான் கழுத்து, கை, பை என்று ஒழுங்காக முகர்ந்து, ஒன்றும் மணக்கேல்லை என்றேன். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், அவர் செய்த இடத்தை ஒரு மானும் தொடவில்லை. காலடித் தடங்கள் நேராக வந்து, கொஞ்சத் தூரத்திலேயே வளைந்து விலகிப் போயிருந்தன. முசியே அத்தானின் அருகில் வந்து ஜக்கெற்றை முகர்ந்தார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, உங்களில் யாருக்கு மூக்குப் போனது என்று கேட்டார். அந்த ஜக்கெற் குசினிக் கதவில் தொங்குவது. எத்தனையோ வருடத்து வறுத்த தூள் அதில் ஏறியிருந்தது. என் வீட்டிலும் அதே மணம். என் மூக்கு அதை மணமென்று எண்ணுவதையே எப்போதோ விட்டுவிட்டது. நான் வெட்கத்தோடு நிற்க, அத்தான் சிரித்தார். கடை பூட்டிய பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். "உன்ர மூக்கும் எங்கட குசினி மூக்குத்தானே. நாங்கள் ரெண்டுபேரும் ஒண்டுதான், தம்பி."

அதன்பின் உடுப்பும் சப்பாத்தும் முசியேயின் கராஜில், காட்டுச் சருகு நிரப்பிய மூடிபோட்ட பெட்டிக்குள் கிடந்தன. மணமில்லாத சவர்க்காரம் வந்தது. தலைக்கு எண்ணெய் நின்றது. "கலியாணத்துக்குக்கூட இவர் இப்பிடிக் குளிச்சு வெளிக்கிடேல்லை, மான் குடுத்துவைச்சது" என்றாள் அக்கா.

இரண்டாவது தடவை அத்தான் வேறு இடம் பார்த்தார். காட்டுக் கரையில் நின்ற ஓர் இளம் மேப்பிளின் கிளையைப் பாதி முறித்துத் தன் முகத்தளவுக்குத் தொங்கவிட்டார். தடியால் மண்ணைக் கீறி, கையில் எடுத்துப் பிசைந்து ஈரம் பார்த்தார். பிறகு போத்தலைச் சரித்து, உப்புப் போடுகிற அதே கையால், சில துளிகள் விட்டார். இன்னும் ஊற்று என்றார் முசியே. "காணும். நிறையப் போட்டாச் சந்தேகம் வரும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மூடியை இறுக்கினார்.

பனி புல்லில் வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில் மூவரும் மறைப்புக்குள் இருந்தோம். முசியேயின் மடியில், துவக்குப்போலப் பிடித்து எய்கிற வில் இருந்தது. துவக்கென்றால் தான் வரமாட்டேன் என்று அத்தான் முதலே சொல்லியிருந்தார். வெளிச்சம் வந்தும் ஒன்றும் அசையவில்லை. பிறகு, வெறும் மரங்களாக இருந்த இடத்தில் ஒரு கிடா மான் நின்றது. நடந்து வந்ததை நான் காணவில்லை. அது நேராக வராமல், காற்றைத் தன் முகத்துக்கு எடுத்துக்கொண்டு சுற்றி வந்தது. கிளையின் கீழ் நின்று தலையை உயர்த்தியது. நுனியை வாயில் வைத்து மெதுவாக மென்றது. கண்ணை மூடி, கண்ணோரத்தை அந்தச் சுள்ளியில் ஒரு பக்கமும் மறுபக்கமுமாக இழுத்தது. பெரிய கொம்பு சுமந்த ஒரு மிருகம் ஒரு சுள்ளியை அவ்வளவு பக்குவமாகத் தொட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிறகு குனிந்து மண்ணை முகர்ந்தது. நிமிர்ந்து, மேலுதட்டைச் சுருட்டி, மூக்கை வானத்துக்குக் காட்டியபடி அப்படியே நின்றது. அதன் மூச்சுப் புகை எழும்பியது. நான் கோயிலில்கூட அப்படி மூச்சடக்கி இருந்ததில்லை. அடுத்த கணம் முன்னங்காலால் அத்தானின் மண்ணைக் கிளறியது. ஈரமண் எங்கள் மறைப்புவரை தெறித்தது.

கிடா முகம் எங்கள் பக்கமாகவே நின்றதால் முசியேக்கு எய்ய இடம் கிடைக்கவில்லை. அது தன் மணத்தையும் அங்கே விட்டுவிட்டுப் போய்விட்டது. அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். அவர் முசியேயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. "நம்பீட்டுது" என்றார்.

அடுத்த கிழமை முசியே தனியாகப் போய், அதே இடத்தில் அதே கிடாவை எய்தார். ஒரு பின்னந்தொடையையும், அறுத்தெடுத்த அந்தக் கிளையையும் கொண்டுவந்து தந்தார். கண்ணை மூடி நின்ற அந்த முகம் எனக்கு நினைவில் இருந்தது; சாப்பிட முடியுமா என்று தெரியவில்லை. அத்தான் இறைச்சியை இரண்டு கையாலும் வாங்கி, சிலுவை போட்டுவிட்டு, தாச்சியை அடுப்பில் வைத்தார். மல்லி வறுக்கும்போது காதைத் தாச்சிப் பக்கம் சரித்துக்கொண்டார். வெடிப்பு ஓய்ந்து கரகரப்பு மாறும் இடத்தில் இறக்கினார். மிளகாயின் நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். வெங்காயத்தைத் தொட்டுப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று, வழக்கமான கேள்விக்குக் காத்திருந்தேன். குசினி முழுவதும் மணத்தது. அவர் கேட்கவில்லை. மூடியைத் திறந்து, கோப்பையில் போட்டு, "சாப்பிடு" என்று நீட்டினார். சாப்பிட்டேன். அக்கா சுவரில் இருந்த திறப்பை எடுத்து அவருடைய சட்டைப்பைக்குள் போட்டாள். தை மாதம் கடை திறந்தது. அந்தத் தாதி முதல் நாளே வந்து, இரண்டாம் முறையும் கறி வாங்கிச் சாப்பிட்டாள்.

அத்தானுக்கு மணம் திரும்பி வரவேயில்லை. போன மாசியில் அவர் இருதயம் நின்றது. கடையைக் கையளித்தபோது அக்கா இந்தக் கிளையை என்னிடம் தந்தாள்.

இந்த இலையுதிர்காலத்தில் முசியே என்னை அங்கே அழைத்துப் போனார். அத்தான் அன்று விட்ட துளிகளுக்குப் பிறகு அந்த இடத்தில் தான் ஒரு துளியும் ஊற்றவில்லை என்றார். அறுத்த தழும்புக்குப் பக்கத்தில் இன்னொரு கிளை தொங்கியது. அதன் நுனி புதிதாக மெல்லப்பட்டு ஈரமாக இருந்தது. கீழே மண் சருகில்லாமல், கறுப்பாக, குளம்புத் தடங்களோடு கிடந்தது. அன்றைக்குப் பிறந்திருக்காத மான்கள்கூட வந்து போயிருக்கும். அவர் தொடங்கி வைத்ததை அவை ஒவ்வோர் ஆண்டும் தொடர்ந்திருக்கின்றன. நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து, அன்று என்னிடம் வந்திருந்த அக்காவிடம் சொன்னேன். அவள் எழும்பி வந்து, மேசைக்கு மேலே இருந்த கிளையைக் கழற்றி, மென்ற நுனியை மூக்கில் வைத்து நெடுநேரம் பிடித்திருந்தாள்.

"ஒண்டும் மணக்கேல்லையே" என்றாள்.

"எங்களுக்கு மணக்காது, அக்கா" என்றேன்.