பிரேக் பிடிக்காத விமானமும் வேணியின் பயணமும்

போன மாதம் மும்பையிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் வேணி. தோணிரேவு மீனவக் குப்பத்துக்காரி. பழவேற்காட்டில் என் வீட்டுக்கு நண்டு கொண்டுவருபவள்.

மும்பையில் இருக்கும் அவள் தங்கை மாலாவுக்கு இரண்டு கிட்னியும் பழுது. ஒன்றை நான் தருகிறேன் என்று கிளம்பிவிட்டாள் வேணி. துணைக்கு நான். டெஸ்ட்டுகள் முடிந்தன, பொருந்துகிறது என்றார்கள். அடுத்த வாரமே ஆபரேஷன். அதற்குள் பிள்ளைகளை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்றாள். அதனால்தான் இந்தப் பயணம்.

சென்னை நெருங்கும்போது கேப்டன் ஆங்கிலத்தில் பேசினார். ஒரு பக்க பிரேக் சரியாகப் பிடிக்காது... தரையில் சற்று பலமாக மோதி இறங்குவோம்... சத்தம் அதிகமாக இருக்கும்... பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டாம் என்று சொன்ன பிறகுதானே பயமே வருகிறது?

“இன்னாக்கா சொல்றாரு?”

மறைக்கலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை. சொல்லிவிட்டேன்.

வேணி பெல்ட்டை இழுத்து இறுக்கினாள். விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டாள். “இது மாலாவுக்குன்னு சொல்லிட்ட சாமான்க்கா. பத்திரமா போய்ச் சேரணும்.”

சக்கரம் தரையில் இடித்தது. விமானம் ஒரு பக்கமாக இழுத்தது – உடனே நேரானது. மறுபடி இழுத்தது; மறுபடி நேரானது. என்ஜின்கள் காது கிழிய உறுமின. ஜன்னலுக்கு வெளியே தீயணைப்பு வண்டிகள் கூடவே ஓடிவந்தன. ஓடுதளம் முடிய கொஞ்ச தூரமே இருக்கும்போது நின்றது.

யாரும் கைதட்டவில்லை. மூச்சு திரும்பவே நேரமாயிற்று.

இறங்கும்போது வாசலில் துணை பைலட் நின்றிருந்தார். சின்னப் பெண். நெற்றியெல்லாம் வேர்வை. வேணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “பயமா இல்லியாம்மா?”

“இருந்துச்சும்மா. ஆனா கேப்டன் ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டே இருந்தாரு, நான் ஒண்ணொண்ணா செஞ்சுக்கிட்டே இருந்தேன். பயத்துக்கு நேரமே கெடைக்கல.”

ஊரில் வேறு பிரச்னை. விஷயம் கேட்ட வேணியின் அப்பா கொதித்துப்போனார். “சகுனமே சரியில்ல. மறுபடி நீ ஏறக் கூடாது.”

“நைனா, போன மழைல முகத்துவாரத்துல உன் போட்டு கவுந்துச்சே. மறுநாளே கடலுக்குப் போனியா இல்லியா?”

“அது பொழப்பு.”

“இது மட்டும் இன்னா? மாலா உயிரு.”

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் அவரிடமிருந்து எனக்கு போன் வந்தது. “எனக்கும் ஒரு டிக்கெட் போடும்மா. நான் இல்லாம அவ போவக் கூடாது.”

மூன்று பேருமாக ஏறினோம். பெரியவர் வழி முழுக்க மகள் கையை விடவில்லை. இந்த முறை விமானம் பூப்போல இறங்கியது.

ஆபரேஷன் முடிந்தது. வெளியே பெஞ்சில் நானும் பெரியவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஒரு நர்ஸ் வந்து, வேணி நன்றாக இருக்கிறாள், புது கிட்னி வேலை செய்கிறது, மாலாவுக்குச் சிறுநீர் இறங்கிவிட்டது என்றார்.

ஒருவர் ஒண்ணுக்குப் போனதற்காக இரண்டு பேர் அழுததை மும்பை அன்றுதான் பார்த்திருக்கும்.