தேளைப் பொத்திய கை

சில ஆண்டுகளுக்கு முன், கோடை மழை தொடங்கியிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொல்லிமலை வாழவந்தி நாட்டில் நான் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் நடந்தது இது.

நான் கடலூர்ப் பக்கத்துக்காரி. அரசு அலுவலகத்தில் வேலை. மாறுதலில் மலைக்கு வந்தபோது என் மகளுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. கணவரின் வேலை கீழே, வெகு தூரத்தில். விடுப்பு கிடைத்தால் வருவார். அம்மாதான் என்னோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். அந்த வாரம் ஊரில் ஒரு கல்யாணத்துக்காக அம்மா போயிருந்தார்.

அது ஓட்டு வீடு. பின்பக்கம் கல் அடுக்கிய மதில். கொஞ்சம் வெயில் ஏறி மழை விழுந்தால் போதும், தேள் வெளியே வந்துவிடும். குளியலறை மூலையில் பார்த்திருக்கிறேன், விறகுக்கு அடியில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை கதவு நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. செருப்பைத் தட்டிப் போடுவது, துணியை உதறி மடிப்பது, தூளியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் குழந்தையைப் போடுவது எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். மரவள்ளியும் மிளகும் போட்டிருக்கிற குடும்பம். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். என்னை "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தேளெல்லாம் எறும்பு மாதிரிதான் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று, மழை பலக்கும் முன் உடைந்த ஓடுகளை மாற்றித் தருவதாக அக்காவின் வீட்டுக்காரர் காலையிலேயே எங்கள் கூரைமேல் ஏறிவிட்டார். நான் வாசலுக்கு வெளியே கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பாப்பா உள்ளே தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓட்டைப் பெயர்க்கப் பெயர்க்க உள்ளே தூசி கொட்ட ஆரம்பித்தது. நான் கையைக் கழுவுவதற்குள் அக்கா, "நீங்க இருங்க மேடம், நான் தூக்கியாறேன்" என்று உள்ளே போனார். இடது இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசற்படியைத் தாண்டியவர், ஓடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரத்துக்குக் கீழே அப்படியே நின்றுவிட்டார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். வலது உள்ளங்கையை இடது முழங்கைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாப்பா அவர் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, இங்க வா. பாப்பாவ வாங்கிக்கோ" என்றார். "ஓடியாராத. மெல்ல வா."

அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஏதோ சரியில்லை என்று புரிந்தது, என்னவென்று புரியவில்லை. சோப்பு நுரை ஒழுகுகிற கையோடு போய்க் குழந்தையை வாங்கினேன்.

"ரெண்டடி தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். அதற்குப் பிறகுதான் அக்கா கையை எடுத்து உதறினார். செம்மண் நிறத்தில் ஒரு தேள் தரையில் விழுந்து வாலைத் தூக்கியது.

ஓட்டுத் தூசியோடு சேர்ந்து அவர் தோளில் விழுந்த தேள், கை வழியாக இறங்கிப் பாப்பாவின் தொடையை நோக்கி ஓடியிருக்கிறது. உதறினால் குழந்தை விழும். விட்டால் தேள் குழந்தைமேல் ஏறும். அந்த ஒரு நொடியில் அக்கா தன் கையாலேயே அதைப் பொத்தியிருக்கிறார். அது உள்ளங்கையில் கொட்டியிருக்கிறது. மறுபடியும் கொட்டியிருக்கிறது. நான் வந்து குழந்தையை வாங்குகிறவரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை. ஒரு சத்தம் போடவில்லை. சத்தம் கேட்டிருந்தால் நான் பதறி ஓடியிருப்பேன், பாப்பா துள்ளியிருப்பாள். அவருக்கு அதுவும் தெரிந்திருக்கிறது.

ஏணியிலிருந்து பாதி இறங்கிப் பாதி குதித்து வந்த அவர் வீட்டுக்காரர் தேளைச் செருப்பால் அடித்தார். அக்கா படியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "பாப்பா சட்டையக் கழட்டிப் பாருங்க முதல்ல. இன்னொண்ணு கிண்ணு இருக்கப் போவுது" என்றார். சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். பாப்பாவுக்கு ஒன்றுமில்லை என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா "ஐயோ" என்று முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. வாந்தி எடுத்தார். கை தோள்வரை கடுக்கிறது என்றார். பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. பைக்கில் பின்னால் உட்கார்கிற நிலையிலும் அவர் இல்லை. வீட்டுக்காரர் ரோட்டுக்கு ஓடி, மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்த மினி லாரியை மறித்தார். டிரைவர் ஒரு கேள்வியும் கேட்காமல் முன் இருக்கையைக் காலி செய்து கொடுத்தார். அக்காவை நடுவில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மடியில் பாப்பாவோடு நான். பின்னால் கிழங்கின்மேல் அவர் வீட்டுக்காரர். வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் அக்காவின் தலை என் தோளில் வந்து விழுந்தது. நெற்றி ஐஸ் மாதிரி இருந்தது. "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் "ம்" என்றார்.

அரசு சுகாதார நிலையத்தில் உடனே மாத்திரை கொடுத்து, ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். நாடித் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் டாக்டர் வந்து, இனி பயமில்லை என்றார். பிறகு என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவைப் பார்த்தார். "இந்த ஜாதித் தேள் பெரியவங்களையே இந்தப் பாடு படுத்துது. இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் கொட்டியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து அக்காவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன். என்ன அசட்டுக் கேள்வி! ஆனால் வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"அட, யோசிச்சா பண்ணினேன்? கை அதுவாப் போச்சுங்க" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டே, "துணி ஊறிக்கிட்டே கெடக்கும். போயி அலசிப் போடுங்க மேடம்" என்றார்.

கை வீக்கம் வடியச் சில நாட்கள் ஆயின. விரல்களில் மரமரப்பு அதற்குப் பிறகும் இருந்தது. அந்த நாட்களில் அவர்கள் வீட்டுக்கும் சேர்த்து நானே சமைத்தேன். என் புளிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "கடல் தண்ணியக் கொண்டாந்து ஊத்துனீங்களா?" என்று உப்பைக் கேலி செய்தார்.

விஷயம் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்து ஆட்கள் வந்தார்கள். கல் மதிலின் சந்துகளில் சிமெண்ட் பூசினார்கள். சுவரை ஒட்டியிருந்த விறகைத் தூரத்தில் பலகைமேல் அடுக்கினார்கள். தூளிக்கு மேலே ஓட்டுக்கடியில் தார்ப்பாய் இழுத்துக் கட்டினார்கள். அந்த வேலை நடக்கும்போதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்றைப் பார்த்தேன்.

விறகை நகர்த்தியபோது அடியிலிருந்து ஒரு தேள் வந்தது. குட்டித் தேள், என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. பக்கத்தில் நின்றிருந்த அக்கா ஊரே கேட்கிற மாதிரி "ஐயோ சாமி!" என்று அலறி, ஒரே தாவில் துவைக்கிற கல்மேல் ஏறி நின்றுகொண்டார். புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்திருந்தார். உடம்பெல்லாம் நடுங்கியது. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் வீட்டுக்காரர் சொன்னார்: "இவ எப்பவுமே இப்படித்தானுங்க. சின்ன வயசுலேர்ந்தே தேளுன்னா உசுரு போயிரும். ஊட்டுக்குள்ள ஒண்ணு வந்துட்டா, நான் காட்டுலேர்ந்து வந்து அடிக்கிற வரைக்கும் வாசல்லயே நிப்பா."

"சிரிப்பாணியா இருக்குதா உங்களுக்கு? அத மொதல்ல அடிங்க!" என்று கல்மேல் நின்றபடியே கத்தினார் அக்கா.

நான் சிரிக்கவில்லை. சிரிக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நின்றது தேளுக்குப் பழகிப்போன ஒருவர் என்று நினைத்திருந்தேனே! என்னைவிட அதிகமாகத் தேளுக்குப் பயப்படுகிறவர், அதைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, "ஓடியாராத, மெல்ல வா" என்று நிதானமாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது நான் மலையை விட்டு வந்துவிட்டேன். மகள் பள்ளிக்குப் போகிறாள். பெரியம்மா என்று சொல்லி வாரம் ஒருமுறையாவது அக்காவோடு போனில் பேசிவிடுவாள். தைரியம் என்று யாராவது பேசினால், பயந்த குழந்தை மாதிரி துவைக்கிற கல்மேல் ஏறி நின்று நடுங்கிய அந்த அக்காதான் எனக்கு நினைவுக்கு வருகிறார். அவரைவிடத் தைரியசாலியை நான் இதுவரை சந்தித்ததில்லை.