மூன்று சட்டை போட்ட விமானம்

என் கணவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஒரு விடுமுறையில் கண்டிக்குப் போனவர், திரும்பி எங்கள் ஊர் உக்குவளை ஸ்டேஷனில் இறங்கும்போது கையில் ஒரு விமானத்தோடு இறங்கினார். ரிமோட்டில் பறக்கவிடும் சின்ன விமானம். கூடப் படித்த நண்பர் கொடுத்தாராம்.

"ஒரு தடவகூட ஒழுங்கா பறக்கலயாம். மூக்கத் தூக்குது, தடுமாறுது, விழுது. மனுஷனுக்கு வெறுத்துப்போச்சு" என்றார்.

மேலே ஒட்டியிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் தாள் சுருங்கி, ஆறின பாலில் படிந்த ஆடைபோல் இருந்தது. அதை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டப்போவதாகச் சொல்லி, பிளேடோடு என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு நாள் போயிற்று. இறக்கையின் தாள் நகத்துண்டு அளவில்தான் வந்தது. வரும்போதெல்லாம் மெல்லிய மரத்தின் நாரையும் பிய்த்துக்கொண்டு வந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் வாயில் கேட்டிராத வார்த்தைகளை அந்த இரண்டு நாளில் கேட்டேன்.

நான் வீட்டிலேயே தையல் தைக்கிறவள். சட்டைக் கொலருக்குள் விறைப்புக்காக வைக்கும் பசைத்துணி கோணலாகிவிட்டால் அயன் பண்ணிச் சூடாக்கி, சூடு ஆறும் முன்னே இழுப்போம். முழுசாக வந்துவிடும். ஆறவிட்டால் துணி கிழியும்.

"அத சூடாக்கி உரிங்களேன்" என்றேன்.

"இது சட்ட இல்ல, விமானம்."

"பசை எல்லாம் பசைதானே?"

வால் பக்கத்தை என் மேசைக்கு இழுத்துக்கொண்டேன். அயனைக் குறைந்த சூட்டில் வைத்து மெதுவாகத் தேய்த்தேன். ஓரத்தை நகத்தால் கிளப்பி, மேலே தூக்காமல், பின்பக்கமாக மடித்து மடித்து இழுத்தேன். ஒரே தாளாகக் கழன்றது. அவர் பிளேடைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவ செய், பாப்பம்" என்றார்.

மஞ்சளுக்குக் கீழே மரம் இல்லை. வெள்ளைத் தாள் இருந்தது. அதையும் உரித்தால் சிவப்பு!

"விழ விழ மேலமேல ஒட்டியிருக்கான்!" என்று துள்ளி எழுந்தார். "முன்னுக்கு ஒரு தாள்தான், வால்ல மட்டும் மூணு. வால்ல பாரம் இருந்தா எப்படி பறக்கும்?" உடனே நண்பருக்குப் போன் போட்டு அரை மணி நேரம் சிரித்தார்.

மூன்றையும் உரித்த பிறகு மரத்தில் சிவப்புப் பசை பாகுபோல ஒட்டிக்கிடந்தது. அவர் பெயின்ட் கரைக்கிற தின்னர் ஊற்றித் தேய்க்க, நிறம்தான் பரவியது. வீடு முழுக்க நாற்றம். நான் அவர் உடுத்துப் பழசான பருத்திச் சாரத்தைக் கிழித்துப் பசைமேல் போட்டு அயன் பண்ணினேன். பசை உருகித் துணியில் ஏறிக்கொண்டது. மிச்சப் பிசுக்கை மட்டும் முற்றத்தில் வைத்துத் தின்னரில் துடைத்தோம்.

அயனின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மறுநாள் காலை, தைக்கக் கொடுத்திருந்த ஒரு பிள்ளையின் வெள்ளைப் பள்ளிச் சட்டையை அயன் பண்ண, அதன் கையில் சிவப்புக் கோடு விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் விமானத்தை ஜன்னல் வழியாகவே பறக்க விட்டிருப்பேன். அவர் சட்டையை வாங்கி, அந்தக் கையின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். அழகாகப் பிரித்திருந்தார். புதுக் கை வெட்டி வைத்துத் தைத்தேன்.

அடுத்த வாரம் நீலத் தாளை நானே ஒட்டினேன், ஒரே ஒரு தாள். அவரோடு படிப்பிக்கிற ஒரு சிங்கள ஆசிரியரின் வில்கமுவை வயலில் அறுவடை முடிந்திருந்தது. அங்கே கொண்டுபோனோம். விமானம் கொஞ்ச தூரம் ஓடி, அலட்டிக்கொள்ளாமல் மேலே ஏறியது. ட்ரெக்டரில் போனவர்கள் நிறுத்திப் பார்த்தார்கள். என் கணவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"இந்தா, நீ பிடி" என்று ரிமோட்டை என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். இடது பக்கம் ஒரு வட்டம், பிறகு இன்னொரு வட்டம். மூன்றாவது வட்டத்தில் வைக்கோல் போரில் மூக்கைக் குத்தி நின்றது. ஆசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்கள் வைக்கோலில் ஏறி அதை வெளியே எடுத்தோம். இறக்கையில் ஒரு சின்னக் கிழிசல் மட்டும்தான்.

"ஒட்டிடலாமா?" என்றார் அவர்.

"உரிச்சிட்டுத்தான் ஒட்டணும்" என்றேன்.