அக்கா இருக்கிறார், தொடர்பில்லை

அலுவலகத்தில் அவளை ‘ரப்பர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. புதிதாக எழுதியதைச் சோதித்துப் பார்க்க, நோயாளிகளின் நிஜப் பதிவுகளின் நகல் வரும். சோதிக்கிறவர்கள் கைக்கு அது போவதற்கு முன் பெயர், போன் நம்பர், முகவரி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பொய்யானவற்றை இட்டு நிரப்புவது அவள் வேலை. பதினோரு வருடமாக ஜன்னலில்லாத அதே அறை. அந்த வேலைக்கு அனுமதி பெறாத யாரும் உள்ளே வரக் கூடாது. டீ கொண்டுவருகிறவர்கூடக் கதவைத் தட்டி, வெளியே வைத்துவிட்டுப் போய்விடுவார்.

பெரும்பாலானதைக் கம்ப்யூட்டரே மாற்றிவிடும். டாக்டர்கள் மனம்போன போக்கில் எழுதும் குறிப்புகள்தான் அதற்குப் பிடிபடாது. அவற்றை அவளே வரிவரியாகப் படிக்க வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை மதியம், அப்படி ஒரு குறிப்பில் தங்கையின் பெயர் வந்தது. வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். பிறந்த தேதியும் அதுவாகவே இருந்தது. மார்பில் கட்டி, அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. கீழே ஒரு வரி: ‘கணவர் வெளிநாட்டில். உடனிருக்க ஆளில்லை. அக்கா இருக்கிறார், தொடர்பில்லை.’

இருவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது. அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் இவள் வேலை வேலை என்று வராமலே இருந்துவிட்டாள். “கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழு” என்றாள் தங்கை. அதோடு சரி.

அந்தப் பெயரை அழித்து வேறொன்றைப் போட்டாள். கணவரையும் அக்காவையும் பற்றிய வரியை எடுத்தாள். பிறகு எழுந்து டீம் லீடரிடம் போனாள்.

“தெரிஞ்சவங்க பதிவு ஒண்ணு கண்ணுல பட்டுடுச்சு. எழுதி வச்சுக்குங்க. மிச்சத்தை வேற யாராவது பாக்கட்டும்.”

“யாருக்கா அது?”

“அதைச் சொல்றதுக்கா உக்காந்து அழிச்சேன்?”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்று, போனில் ஆறு வருடமாகச் சும்மா கிடந்த நம்பரைக் கூப்பிட்டாள்.

“சொல்லு” என்றாள் தங்கை.

“சும்மாதான். உடம்பு எப்படி இருக்கு?”

“எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். டாக்டரை நம்பிச் சொன்னதை அக்கா அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தாள் என்று தெரிந்தால் இன்னும் ஆறு வருடம் பேச மாட்டாள்.

“எப்பவாவது ஆள் வேணும்னா கூப்பிடு. லீவு நிறைய கெடக்கு.”

“என்ன திடீர்னு?”

“தோணுச்சு.”

“சரி, வச்சிடறேன்.”

அடுத்த வாரம் முழுக்கப் போனைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அழைப்பு வரவில்லை. மருத்துவமனை நாலு ஸ்டாப் தள்ளித்தான் இருந்தது. அவள் போகவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தங்கையே பேசினாள். “ஒரு ஆபரேஷன் நடந்துச்சு. பயப்பட ஒண்ணுமில்ல, சாதாரணக் கட்டிதானாம்.”

“அப்படியா” என்றாள், புதிதாகக் கேட்கிறவள்போல. “கூட யார் இருந்தா?”

“பக்கத்து வீட்டுக்காரம்மா.”

“நான் வரட்டுமா?”

“இப்ப வேணாம். தையல் ஆறட்டும்.”

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கே கட்டி என்று அவள் கேட்கவே இல்லை. கேட்காததைத் தங்கை கவனித்திருப்பாளோ என்று யோசித்தபடி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.