எண்ணெய் மேலே நின்றது

சிவநேசன் முதன்முதலில் பார்த்தபோது சந்திரகலா ஒரு கார் ஏர்கோன் பாகத்துக்குள்ளிருந்து பேனா எடுத்துக்கொண்டிருந்தார். கிள்ளானில் அந்தத் தொழிற்சாலையின் மாடியறை. மேசைமேல் ஓர் அலுமினிய டப்பா, மேல்மூடியை அறுத்து, உள்ளே வளைந்து கிடக்கும் குழாய் தெரியும்படி பக்கவாட்டில் ஜன்னல் மாதிரி வெட்டி வைத்திருந்தது. குழாய்க்கும் சுவருக்கும் நடுவே நாலைந்து பேனாக்கள் செருகியிருந்தன.

சிவநேசன் தன் நேம்கார்டை இரண்டு கையாலும் நீட்டினான். கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். பெயருக்குப் பின்னால் வரும் அந்த நாலு எழுத்தை அச்சில் பார்ப்பதற்காகவே அவனுடைய அம்மா பத்து கார்டுகளைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். ரவாங்கில் ஒரு கார் கம்பெனியின் வாரண்டிப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம். தனியாக அவன் கையில் கொடுக்கப்பட்ட முதல் விவகாரம் இது.

"ஏழு கம்ப்ரசர், மேடம். ஏழும் ஆயில் இல்லாம காஞ்சு இறுகிப்போச்சு. உங்க டப்பாவுல ஆயில் தங்கிடுதுன்னு எங்க மேனேஜர் சொல்றார்."

"மேனேஜர் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?"

சிவநேசன் கொண்டுவந்த கடிதத்தை மேசைமேல் வைத்தான். வடிவமைப்பில் பிழை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பிழை இல்லை என்று இரண்டு வாரத்துக்குள் நிரூபிக்க வேண்டும். பிழை என்று ஆனால் அடுத்த மாடலுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் டப்பாவையே போட்டுக்கொள்வார்கள். அப்புறம் இந்த மாடியறைக்கு வேலை இல்லை. வரைபடம் வெளியிலிருந்து வரும், கீழே ஷெட்டில் அடித்துக் கொடுத்தால் போதும். சந்திரகலா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மடித்துப் பேனாக்களுக்கு நடுவில் செருகினார்.

அந்த டப்பா செய்கிற வேலை பார்ப்பதற்குச் சின்னதுதான். காருக்குள் குளிர்ச்சியைக் கொடுத்துவிட்டு கேஸ் திரும்பிக் கம்ப்ரசருக்குப் போகிறது. வழியில் கொஞ்சம் ஆவியாகாமல் திரவமாகவே வந்துவிடும். திரவம் உள்ளே போனால் கம்ப்ரசர் உடையும். அதனால் நடுவில் ஒரு டப்பா. திரவம் அடியில் தங்க, குழாய் மேலிருந்து ஆவியை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் கம்ப்ரசரை வழவழப்பாக வைத்திருக்கும் எண்ணெயும் கேஸோடு சேர்ந்தே ஊர் சுற்றுகிறது. அதுவும் அடியில் தங்கிவிட்டால் கம்ப்ரசர் காய்ந்து சாகும். ஆகவே குழாய் வளைந்து அடியைத் தொடும் இடத்தில் ஒரு துளை. ஒன்று புள்ளி ஒன்று மில்லிமீட்டர். பெரிதானால் திரவம் போய்விடும். சிறிதானால் எண்ணெய் போகாது. சந்திரகலா தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி அந்தத் துளையில் வைத்துக் காட்டினார். நுனி மட்டும் நுழைந்து நின்றது.

இவ்வளவுதானா என்று சிவநேசனுக்குத் தோன்றியது. அடுத்த நொடியே, ஒரு காரின் குளிர்ச்சி முழுக்க இந்த ஊசிமுனைக்குள் நிற்கிறதே என்று துளையை மறுபடியும் உற்றுப் பார்த்தான். நாலு வருடம் பல்கலைக்கழகத்தில் அவன் படித்த புத்தகங்களின் படங்களில் இந்த டப்பா ஒரு வட்டமாக மட்டுமே இருந்தது.

"எந்த யூனிவர்சிட்டி, மேடம் நீங்க?"

"யூனிவர்சிட்டி எங்க? பொலிடெக்னிக் சர்டிபிகேட். இருபத்தொரு வயசுல இங்க வந்தேன், ஜப்பான்லேர்ந்து வர்ற டிராயிங்க டிரேஸ் பண்ண. ரெண்டு வருஷம் இந்தத் துளைய டிரேஸ் பண்ணிட்டு, ஏன் இது இங்க இருக்குன்னு ஒருநாள் கேட்டேன். கேட்டதுக்குத் தண்டனையா டிசைன்ல போட்டுட்டாங்க."

சிரிக்காமலேயே சொன்னார். இந்த டப்பா முழுக்க அவருடையது. வரைபடத்தில் வரைந்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கட்டத்திலும் அவர் பெயர்.

பிறகு அவர் கேட்ட கேள்வி சிவநேசன் எதிர்பார்க்காதது. "இந்த ஏழு காரும் யாரோடது?"

போனில் தேடிப் பார்த்தான். ஏழும் வாடகைக்கு ஓடுகிற கார்கள். வீட்டுக் கார் ஒன்றுகூட இல்லை.

"சரி. ஓட்டாத நேரம் எங்க நிப்பாங்க?"

இரண்டு நாள் கழித்து, வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில் மூவரும் நின்றார்கள். மூன்றாவது ஆள் இராமலிங்கம். செந்தூல்காரர், ஐம்பத்தைந்து வயது. அந்த ஏழு கார்களில் ஒன்று அவருடையது. ஒரு தடவை கம்ப்ரசர் மாற்றியாகிவிட்டது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பானெட்டைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"அக்கா, உள்ள வந்து உக்காருங்க லா. ஏர்கோன் கார பக்கத்துல வச்சிக்கிட்டு வெளிய நின்னு வேர்க்கிற மொத ஆளு நீங்கதான்."

"நீங்க எவ்ளோ நேரம் இப்படி நிப்பீங்க, அண்ணே?"

"ரயில் லேட்டுன்னா மூணு மணி நேரம். இஞ்சின நிறுத்துனா நான் அவிஞ்சிருவேன்."

"தூங்குவீங்களா?"

"முழிச்சிக்கிட்டே தூங்குவேன். போன் அடிச்சா கண்ணு தானா தொறந்துக்கும்." சிவநேசன் பக்கம் திரும்பினார். "பாஸ், ரெண்டாவது கம்ப்ரசரும் போச்சுன்னா நான் உங்க ஆபீஸ் வாசல்லதான் வந்து படுப்பேன். அங்க ஏர்கோன் நல்லா வேலை செய்யுமில்ல?"

சந்திரகலா டப்பாவின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லக் கீழே இறக்கினார். ஓர் இடத்தில் கை நின்றது. மார்க்கரால் அங்கே கோடு போட்டார். திரவம் இருக்கும் இடம் மற்றதைவிடச் சில்லென்று இருக்கும், அந்த எல்லை அது. இருபது நிமிடம் கழித்து மறுபடியும் தடவினார். கோடு விரல் அகலம் மேலே போயிருந்தது. எழுதக் காகிதம் தேடினார், கிடைக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துப் பின்பக்கத்தில் நேரத்தையும் உயரத்தையும் எழுதினார். அது தன் கார்டு என்று சிவநேசனுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மா ஆசையாகத் தடவிப் பார்த்த எழுத்துகள் சூடான பேட்டரி மூடியில் குப்புறக் கிடந்தன. இரண்டு மணி இருபது நிமிடத்தில் எட்டுக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. வெறும் கையால் ஒரு மனுஷி மூடிய டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தார். சிவநேசன் வெயிலை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது புறநகர் கொம்யூட்டர் ரயிலில், ஷா ஆலம் தாண்டிய பிறகு சந்திரகலா சொன்னார்.

"எங்கப்பா கிள்ளான் போர்ட்ல கன்டெய்னர் லோரி ஓட்டினார். பண்டமாரான் வீட்லேர்ந்து நான்தான் சோறு கொண்டு போவேன். கேட்ல வரிசை நிக்கும், நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம். இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும், அவர் உள்ள தூங்குவார். எனக்குத் தெரியாத விஷயமா இது?"

"எது, மேடம்?"

"வாங்க, காட்டுறேன்."

மறுநாள் காலை அவர் அலமாரியிலிருந்து எடுத்தது சோதனை விதிமுறைத் தாள். கார் கம்பெனியின் வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து வந்தது. இத்தனை நிமிடம் வேகமாக, இத்தனை நிமிடம் மெதுவாக, நின்ற நிலையில் பத்து நிமிடம். அந்த ஊரில் யாரும் காரை நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டு மூன்று மணி நேரம் தூங்குவதில்லை. நாலு வருடத்துக்கு முன் அந்தத் தாளின்படி சோதித்து, தேறியது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர் சந்திரகலாதான்.

சோதனை அறையில் கண்ணாடிச் சுவர் வைத்த டப்பா ஒன்று இருந்தது. அதைப் பொருத்தி, அறையை முப்பத்தைந்து டிகிரிக்கு ஏற்றி, பிரிக்ஃபீல்ட்ஸ் சந்தில் இருந்தது போலவே நின்ற நிலையில் ஓடவிட்டார். கசிவு கண்டுபிடிக்கப் போடும் சாயத்தை எண்ணெயில் கலந்திருந்தார். புறஊதா விளக்கை அடித்தால் எண்ணெய் மட்டும் பச்சை மஞ்சளாக மின்னும்.

முதல் அரைமணி நேரம் டப்பா முழுக்க மங்கிய பச்சை. எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. ஓடுகிற கார் என்றால் குலுங்கிக் குலுங்கி இப்படியேதான் இருந்திருக்கும். நின்ற காரில் குலுக்கல் இல்லை. திரவம் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு மணி நேரம் தாண்டியதும் அடிப்பகுதி தெளியத் தொடங்கியது. இரண்டு மணி நேரம் இருபது நிமிடம் ஆனபோது, ரசத்தில் எண்ணெய் மிதக்கிற மாதிரி, பச்சை மஞ்சள் பட்டை ஒன்று திரவத்தின் தலையில் தனியாக நின்றது. கீழே திரவம் கண்ணாடிபோல இருந்தது. அந்தத் தெளிவுக்குள் குழாயின் வளைவு, வளைவின் அடியில் துளை. துளை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

சிவநேசன் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். அவ்வளவு அழகாக இருந்தது. ஏழு கம்ப்ரசரைக் கொன்ற காட்சி என்று நம்பவே முடியவில்லை.

"எண்ணெய் மேல நிக்குது," என்றார் சந்திரகலா. "நான் கீழ துளை போட்டு வச்சிருக்கேன்."

விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

சிவநேசன் மெதுவாகச் சொன்னான். "அக்கா, ஒண்ணு சொல்லவா? கார் புக்ல, ரொம்ப நேரம் நிறுத்தி இஞ்சின ஓடவிடாதீங்கன்னு ஒரு வரி இருக்கு. ஓட்டுறவங்க தப்புன்னு நான் எழுதிடலாம். எங்க மேனேஜருக்கும் சந்தோஷம். உங்க ரூமுக்கும் ஒண்ணும் ஆகாது."

"இராமலிங்கம் அண்ணனுக்கு?"

அவன் கையிலிருந்த போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"கோலாலம்பூர்ல காரு நிக்கிறது தப்புன்னா, தம்பி, ஊரையே வாரண்டிலேர்ந்து எடுத்துடணும்."

பேனாக்களுக்கு நடுவிலிருந்து கடிதத்தை உருவினார். பிழை வடிவமைப்பில் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அதோடு இரண்டு தாள்களை இணைத்தார். ஒன்றில் மூன்றே வரி. பத்து நிமிடம் நின்று பார்த்த சோதனை இந்த ஊருக்குப் போதாது, அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் தாளையே பின்பற்றினேன். இன்னொன்றில் வரைபடம். அதே குழாய், அதே அடித்துளை, கொஞ்சம் சிறியது. அதற்கு மேலே, பிரிக்ஃபீல்ட்ஸில் கடைசிக் கோடு நின்ற உயரத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டாவது துளை. பூஜ்யம் புள்ளி ஏழு. எண்ணெய் கீழே இருந்தால் கீழ்த்துளை குடிக்கும், மேலே போய் நின்றால் மேல்துளை குடிக்கும்.

அந்தக் கடிதத்தைச் சிவநேசன் ரவாங்குக்கு எடுத்துக்கொண்டு போனான்.

மேனேஜர் படித்தார். "ஒத்துக்கிட்டாங்களா? அப்ப முடிஞ்சிச்சு," என்றார். சிவநேசன் எட்டு மாதத்தில் முதன்முறையாக அவர் எதிரில் உட்கார்ந்தான். வெளிநாட்டு டப்பாவும் அதே பத்து நிமிடத் தாளில்தான் தேறியது என்றான். அதை மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கண்ணாடி டப்பா இந்த நாட்டில் எங்கே இருக்கிறது என்று தான் விசாரித்ததில் கிள்ளானில் அந்த ஓர் அறைதான் கிடைத்தது என்றான். மேனேஜர் போனை எடுத்தார்.

இறக்குமதி டப்பா ஒன்றை வரவழைத்து, பக்கத்தில் கண்ணாடி பதித்துக் கிள்ளானிலேயே வைத்து ஓட்டினார்கள். இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிடத்தில் அதிலும் எண்ணெய் மேலே நின்றது. இரண்டு துளை போட்ட டப்பாவை அடுத்து வைத்தார்கள். மூன்று மணி நேரம், நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம். பச்சை மஞ்சள் பட்டை உருவாகும், மேல்துளைக்கு வரும், நூல் மாதிரி இழுபட்டு மறையும். அந்த அறையில் அன்றைக்கு ஆறு பேர் இருந்தார்கள். யாரும் உட்காரவில்லை.

சந்திரகலாவுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. பண்டமாரானில் அதே வீட்டில் கணவரோடு இருக்கிறார். தினமும் காலை ஏழரைக்குக் கிள்ளான் தொழிற்சாலைக்கு வேலைக்கு வருகிறார். பிழையை ஒப்புக்கொண்டதற்காக, சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போடும் உரிமையை நிர்வாகம் ஒரு வருடம் நிறுத்தி வைத்தது. போன மாதம் அது திரும்பக் கிடைத்தது. மாடியறை மூடப்படவில்லை, இப்போது அங்கே ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். கார் கம்பெனியின் சோதனைத் தாளில் நின்ற நிலை மூன்று மணி நேரம் என்று மாற்றியிருக்கிறார்கள். இராமலிங்கத்தின் காரில் ஓடுவது இரண்டு துளை டப்பா. எட்டு அளவுகள் எழுதிய நேம்கார்டு ரவாங்கில் சிவநேசனின் மேசைக் கண்ணாடிக்கு அடியில், எழுதிய பக்கம் மேலே தெரியும்படி இருக்கிறது.