நான் மொழிபெயர்க்காத கேள்வி

எண்பதுகளின் நடுப்பகுதியில் பாரிசின் லாச்சப்பலில் ஓர் அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். எங்களில் மூத்தவரை அண்ணை என்போம். ஊரில் இடதுசாரிக் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியவர். பாரிசுக்கு வந்த பிறகும் மாஸ்கோ பிழை செய்யாது என்ற நம்பிக்கை அவரைவிட்டுப் போகவில்லை.

நான் கோப்பை கழுவிய உணவகத்தில் ஓர் ஆப்கானியரும் கழுவினார். எங்களுக்கு இடையில் இருந்தது உடைந்த பிரெஞ்சு மட்டும். ஒரு ஞாயிறு மதியம் அவரை எங்கள் அறைக்குச் சாப்பிடக் கூட்டிவந்தேன். அன்று வானொலியில் அவருடைய ஊர் இருக்கும் பள்ளத்தாக்கின் பெயர் வந்தது. சோவியத் படையும் காபூல் அரசின் படையும் சேர்ந்து, மலைகளில் இருந்த போராளிகளை அழிக்க இறங்கியிருந்தன. அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"உவையின்ரை நாட்டிலை சோவியத்துக்காரர் பள்ளிக்கூடம் கட்டுறாங்கள். அதை எரிக்கிறவங்களைத்தான் அடிக்கிறாங்கள். சொல்லு உவருக்கு" என்றார் அண்ணை.

சொன்னேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். எனக்கும் அப்போது அதே எண்ணம்.

"அங்கே ஒரே ஒரு பள்ளிக்கூடம். நான்தான் கணக்குப் படிப்பித்தேன்" என்றார் ஆப்கானியர்.

"அப்ப ஏன் ஓடி வந்தவராம்? கேள்."

கேட்டேன். அவர் அண்ணையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நீ ஏன் வந்தாய்?"

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"ஒண்டுமில்லை அண்ணை. சாப்பாடு நல்லாயிருக்காம்."

ஊரில் அரசாங்கத்து ஆமிக்குப் பயந்து மூன்று இரவு பனங்காணியில் ஒளித்துக் கிடந்தவன் நான். அதை அந்த ஆப்கானியருக்கும் சொல்லவில்லை.

சில வாரங்களுக்குப் பின் பெஷாவர் வழியாக அவருக்குக் கடிதம் வந்தது. குண்டுக்குப் பயந்து மலைக்குகை ஒன்றில் ஒதுங்கிய மனைவியும் சின்ன மகளும் அங்கேயும் குண்டு விழ, அதற்குள்ளேயே முடிந்துபோனார்கள். சட்டி தேய்த்துக்கொண்டே சொன்னார். "தெசோலே" என்றேன். மெத்ரோவில் யாருடைய காலையாவது மிதித்தாலும் நான் சொல்கிற அதே சொல்.

அண்ணையிடம் சொன்னபோது வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். "சண்டை எண்டால் உப்பிடித்தான்" என்றார்.

பிறகு ஆப்கானியர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். குடும்பத்தை அழைக்கக் கொடுத்திருந்த விண்ணப்பத்திலிருந்து இரண்டு பெயர்களை நீக்க வேண்டும். எனக்கு அவரைவிடக் கொஞ்சம் எழுத வரும். உணவகத்தின் பின்கதவுப் படியில் குந்தியிருந்து, "இராணுவ நடவடிக்கையின்போது இறந்தனர்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"இறக்கவில்லை. கொன்றார்கள். அப்படி எழுது."

தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இரண்டு தரம் பிழை விட்டேன். அவர் பொறுமையாக நின்றார். கையெழுத்துப் போட்டு, நன்றி சொல்லி, கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அந்த மாதமே பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகிற அன்று எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.